ஆஸ்பத்திரி இருந்த இடம்



சென்ற இதழில் பழைய சத்திரங்களைப் பற்றிய கட்டுரை வந்த பிறகு கடிதங்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலும் பாராட்டு, சிலர் தங்கள் ஊர்ச் சத்திரம் விட்டுப்போனதற்காகச் சண்டை பிடித்திருந்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி மட்டும் வேறு தினுசாக இருந்தது. "சத்திரம் பள்ளிக்கூடமான கதை, ஆபீஸ் ஆன கதை எல்லாம் எழுதினீர்கள். ஒரு ஆஸ்பத்திரியை மூடினால் அந்தக் கட்டடம் என்ன ஆகும்? அதில் குடும்பம் நடத்துவார்களா?"

கேள்வியை அலுவலகத்துக்கு வந்துபோகும் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். "செத்தவுக படுத்திருந்த எடத்துல யாரு போய்க் குடியிருப்பா?" என்பதுதான் முதல் பதில். "வாடகை கம்மியா இருந்தா நான் போவேன்" என்பது இரண்டாவது. கணபதி ஹோமம் செய்து, பசுவையும் கன்றையும் உள்ளே அழைத்துவந்து, பால் காய்ச்சிவிட்டால் எந்தத் தோஷமும் நிற்காது என்று ஒரு பெரியவர் வழி சொன்னார். உலகத்தில் இதற்கெல்லாம் பதில் ஏற்கெனவே இருக்கிறது. பெரிய பெரிய நகரங்களில் மூடிய ஆஸ்பத்திரிகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், அதுவும் கோடிக்கணக்கில் விலை கொடுத்து.

சாவு நடந்த இடம் என்ற பயத்துக்கு முதலில் ஒரு சமாதானம் சொல்லிவிடுகிறேன். கடிதம் எழுதிய தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போகிற தேக்கா சந்தைக்குப் பக்கத்திலேயே ஹாம்ப்ஷயர் ரோட்டில் சிங்கப்பூர் தரைவழிப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம் இருக்கிறது. அந்த வளாகம் 1924இல் மகப்பேறு மருத்துவமனையான பழைய கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835. நாளொன்றுக்குச் சராசரியாக நூறுக்கு மேல்! ஒரே பிரசவ ஆஸ்பத்திரியில் நடந்த அதிகப் பிரசவங்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது. 1997இல் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. சிங்கப்பூர்க்காரர்கள் எத்தனையோ பேர் முதல் அழுகை அழுத கட்டடத்தில் இன்று பஸ், ரயில் பற்றிய கோப்புகள் நகர்கின்றன. ஆஸ்பத்திரி என்றால் சாவு மட்டும் நினைவுக்கு வருவது நம்முடைய மறதி. பிறந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

இனி வீடாக மாறிய ஆஸ்பத்திரிக்கு வருவோம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் உறுத்தியதும் நியூயார்க்கின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனைதான்.

1849இல் நியூயார்க்கில் காலரா. அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த நகரம் அது. 'அறச் சகோதரிகள்' என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபை 13ஆம் தெருவில் ஒரு சின்னச் செங்கல் வீட்டை வாடகைக்குப் பிடித்து 30 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கியது. ஆக, அதுவே ஒரு வீட்டில் பிறந்த ஆஸ்பத்திரி. சில ஆண்டுகளில் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், ஏழாவது அவென்யூவும் 11ஆம் தெருவும் சந்திக்கும் இடத்துக்கு மாறி, அங்கேயே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. காசு கொடுக்க முடியாதவர்களையும் சேர்த்துக்கொள்ளும் இடம் என்று பெயர் வாங்கியது. நம் ஊரில் தர்மாஸ்பத்திரி என்பார்களே, அப்படி.

நகரத்தில் எது நடந்தாலும் அந்த வாசலில்தான் வந்து நின்றது. 1911 மார்ச்சில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் (பெரும்பாலோர் இளம்பெண்கள்) இறந்தபோது, காயம்பட்டவர்களை அங்கே தூக்கிவந்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது தப்பியவர்களை ஏற்றிவந்த கப்பல் கரையில் அணைந்தபோதும் பலருக்குச் சிகிச்சை தந்தது அங்கேதான். தன் தம்பியின் உயிரைக் காப்பாற்றிய நன்றிக்காக ஒரு தாய் தன் மகளுக்கு ஆஸ்பத்திரியின் பெயரையே நடுப்பெயராக வைத்தார். அந்தக் குழந்தை பின்னாளில் புகழ்பெற்ற கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லே. இன்னொரு கவிஞர், வேல்ஸ் நாட்டின் டிலன் தாமஸ், 1953 நவம்பரில் அங்கே உயிர்விட்டார்.

1980களில் எய்ட்ஸ் வந்தது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து சாப்பாட்டுத் தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிய ஆஸ்பத்திரிகள் இருந்த காலம். 1984இல் செயின்ட் வின்சென்ட் தனி வார்டு திறந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று திறந்த முதல் வார்டு அதுதான். 2001 செப்டம்பர் 11இல் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அன்று, டாக்டர்களும் நர்ஸ்களும் ஸ்ட்ரெச்சர்களை வரிசையாகத் தெருவில் நிறுத்திக் காத்திருந்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் காயம்பட்டவர்கள் வரவில்லை. வருவதற்கு ஆள் மிஞ்சவில்லை. காணாமல் போனவர்களின் புகைப்படங்களை உறவினர்கள் சுற்றுப்புறச் சுவர்களில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அப்படிப்பட்ட ஆஸ்பத்திரியை மூடினார்கள். காரணம் கடன். 2005இல் ஒருமுறை திவால் மனு, 2010 ஏப்ரலில் மறுபடி. கடன் நூறு கோடி டாலருக்கு மேல். காப்பீடு இல்லாதவர்களையும் அரசு உதவியில் வருபவர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தால் வரவு குறையும். வசதியுள்ள நோயாளிகள் பளபளப்பான பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விடுவார்கள். நிர்வாகக் கோளாறுகளும் சேர்ந்துகொண்டன. 2010 ஏப்ரல் 30 அன்று கதவு சாத்தப்பட்டது. ரூடின் என்ற கட்டுமானக் குடும்பம் 26 கோடி டாலருக்கு இடத்தை வாங்கியது. சில பழைய கட்டடங்களின் முகப்பைக் காப்பாற்றி, சிலவற்றை இடித்து, 'கிரீன்விச் லேன்' என்ற பெயரில் சுமார் 200 வீடுகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் பல லட்சம் டாலர். மேல்தட்டு வீடுகள் பல கோடி டாலர். காலராவில் கிடந்த ஏழைக்காகத் தொடங்கிய இடத்தில் இன்று ஒரு நர்ஸ் தன் ஆயுள் சம்பளத்தைக் கொட்டினாலும் சமையலறை வாங்க முடியாது.

அந்தப் பகுதி மக்கள் ஊர்வலம் போனார்கள், வழக்குப் போட்டார்கள். கிடைத்தது இரண்டு. தெருவுக்கு எதிர்ப்புறம் கப்பல்போல ஜன்னல் வைத்துக் கட்டிய பழைய கடலோடிகள் சங்கக் கட்டடம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி அதையும் பயன்படுத்தி வந்தது. அதில் 2014இல் ஓர் அவசர சிகிச்சை மையம் வந்தது. பெரிய வார்டுகள் கொண்ட ஆஸ்பத்திரி திரும்ப வரவில்லை. முன்னால் இருந்த முக்கோண நிலம் பூங்காவாகி, 2016 டிசம்பர் 1 அன்று அங்கே எய்ட்ஸ் நினைவிடம் திறக்கப்பட்டது. கீழ் மன்ஹாட்டன் பக்கத்து ஜனங்கள் கிழக்கே பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரியை நம்பினார்கள். அதுவும் 2025 ஏப்ரலில் மூடப்பட்டுவிட்டது.

நியூயார்க் பணக்கார வீடுகளைக் குறை சொல்வதோடு நிறுத்தினால் கதை பாதிதான். அதே அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸின் பாய்ல் ஹைட்ஸில் நடந்தது வேறு. சான்டா ஃபே ரயில்வே கம்பெனி தன் தொழிலாளர்களுக்காக 1905இல் அங்கே ஆஸ்பத்திரி திறந்தது. நம் பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். 1924இல் பெரிய கட்டடம் எழுந்தது. பிறகு லிண்டா விஸ்டா என்று பெயர் மாறி, சுற்றுப்புறம் ஏழையாக ஏழையாக அதுவும் நொடித்து, 1991இல் மூடப்பட்டது. இருபது ஆண்டுகள் சும்மா கிடந்தது. சும்மா கிடந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். புதர் முளைக்கும், அப்புறம் பேய் முளைக்கும். காலிப் படுக்கைகளும் துருப்பிடித்த ஆபரேஷன் விளக்குகளும் சினிமாக்காரர்களுக்கு வாகாக அமைய, எத்தனையோ படங்களை அங்கே எடுத்தார்கள். அமெரிக்காவின் மிகப் பேய்பிடித்த ஆஸ்பத்திரி என்று பெயரும் வந்துவிட்டது.

2006இல் அதை வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்தார்கள். அதன் பிறகு ஒரு நிறுவனம் வாங்கி, வெளித்தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கான வாடகை வீடுகளாக மாற்றியது. முதலில் நர்ஸ்களின் விடுதி, பிறகு பெரிய கட்டடம். 2015 வாக்கில் ஜனங்கள் குடிவந்துவிட்டார்கள். பேய் எங்கே போனது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுப்பு எரிகிற வீட்டில் பேய்க்கு என்ன வேலை?

ஏன் முதியவர்கள்? இதில் இரக்கம் மட்டும் இல்லை, கட்டடக் கணக்கும் இருக்கிறது. பழைய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் திரும்ப வேண்டும் என்பதால் நடைபாதை அகலம், கதவு அகலம், லிஃப்ட் பெரிது. படிக்கட்டோடு சாய்தளமும் இருக்கும். சுவரோரம் பிடிமானக் கம்பி இருக்கும். முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் புதிதாக எதையும் கட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று ஜன்னல். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் காலத்திலிருந்து வார்டு என்றால் நீளமான, அகலம் குறைந்த கூடம். இரண்டு பக்கமும் உயர ஜன்னல். ஒருபக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேற வேண்டும். அதைக் குறுக்கே சுவர் வைத்துத் தடுத்தால் ஒவ்வொரு தடுப்புக்கும் வெளிச்சமும் காற்றும் உள்ள வீடு கிடைத்துவிடும். நம் பொதுப்பணித்துறை அந்தக் காலத்தில் கட்டிய மெட்ராஸ் ஒட்டுக்கட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வராந்தா வேறு உண்டு. மே மாத வெயிலிலும் உள்ளே போனால் உடம்பு குளிரும்.

இப்போது கட்டுகிற ஏசி ஆஸ்பத்திரிகளுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. நாலாபுறமும் கண்ணாடி, நடுவில் ஜன்னலே இல்லாத அறைகள். அவற்றை நாளைக்கு வீடாக்க நினைத்தால் நடு அறைகளில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். பழையவற்றிலும் தொந்தரவு இல்லாமலில்லை. ஈயத்தகடு பதித்த எக்ஸ்ரே அறை, கூரைக்கும் குழாய்க்கும் சுற்றிய கல்நார், உடைந்த தெர்மாமீட்டர்களிலிருந்து தரை இடுக்கில் இறங்கிய பாதரசம், எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாத சாக்கடைக் குழாய்கள்: இவற்றையெல்லாம் அகற்றவே பாதிப் பணம் போகும் என்பார்கள் அந்தத் தொழிலில் உள்ளவர்கள்.

லண்டன் கதை ஒன்று. இதை நம்மூர்க்காரர்கள் கவனித்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் இதில் பத்திரம் வருகிறது.

ஹைட் பார்க் முனையில் லேன்ஸ்பரோ பிரபுவின் மாளிகை இருந்தது. 1733இல் அதை ஆஸ்பத்திரியாக்கினார்கள். அதுதான் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை. நூறு ஆண்டு கழித்து அதே இடத்தில் பெரிய கட்டடம் வந்தது. நவீன அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட ஜான் ஹன்டர் அங்கே வேலை பார்த்தார். நிர்வாகக் கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியபோது மாரடைத்து 1793இல் அங்கேயே இறந்தார். கூட்டங்களில் சத்தம் போடுகிற நம் நண்பர்கள் சிலர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அவருடைய மாணவர்தான் அம்மைத் தடுப்பு கண்ட எட்வர்ட் ஜென்னர்.

1980இல் ஆஸ்பத்திரி அந்த இடத்தைக் காலி செய்தது. நிலம் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் குடும்பத்துடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒன்றில், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று ஆகிவிட்டால் பழைய விலைக்கே இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. பழைய விலை 6,000 பவுன். லண்டனின் மிக விலையுயர்ந்த முனையை 6,000 பவுனுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 1991இல் அங்கே லேன்ஸ்பரோ என்ற பெயரில் ஆடம்பர ஹோட்டல் திறந்தது. பிரபுவின் வீடு, பிறகு நோயாளியின் வீடு, பிறகு காசுள்ள விருந்தாளியின் வீடு.

ஆனால் அந்த ஆஸ்பத்திரி சாகவில்லை. தெற்கு லண்டனில் டூட்டிங் என்ற இடத்துக்குப் போய்ப் பெரிய மருத்துவமனையாக, மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. டூட்டிங் என்றதும் யாழ்ப்பாணத்து வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தெருவெங்கும் தமிழ்க் கடைகள், தோசைக் கடைகள், நகைக் கடைகள். பிரபுக்கள் வாழும் முனையிலிருந்து உழைக்கிற ஜனங்கள் வாழும் இடத்துக்கு ஆஸ்பத்திரி இடம் பெயர்ந்தது. ஜென்னர் பரிசோதனைக்கு வித்தான மாட்டம்மை யாரிடமிருந்து வந்ததோ, அந்தப் பிளாசம் என்ற பசுவின் தோலும் கூடவே டூட்டிங்குக்குப் போய் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் தொங்குகிறது. ஜல்லிக்கட்டுக் காளைக்குச் சமாதி கட்டும் மாவட்டத்துக்காரர்களான நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

நமக்குப் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. கொழும்புக் கோட்டையில் டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆஸ்பத்திரி 2011 டிசம்பரிலிருந்து கடைகளும் உணவகங்களுமாக இருக்கிறது. அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம் மாநிலத்தில் பெரும்பாலும் வண்டி எதிர்த்திசையில்தான் ஓடியிருக்கிறது. வீடும் சத்திரமும் அலுவலகமும் ஆஸ்பத்திரியானது இங்கே அதிகம். ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டி 1780களின் தொடக்கத்தில் பஞ்சம் வந்தபோது, மெட்ராஸ் கோட்டைக்கு வடக்கே பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் எழுந்தது. அதுதான் மணியக்காரர் சத்திரம். கஞ்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். அவர்களைக் கவனிக்க ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் தொடங்கிய மருத்துவ விடுதி சத்திரத்தோடு சேர்ந்துகொண்டது. அது ராயபுரம் ஆஸ்பத்திரியாக வளர்ந்து, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியானது. வடசென்னையில் வயதானவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். சத்திரமும் அழியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஆதரவற்ற முதியவர்களின் இல்லமாக இருக்கிறது. நோய்க்கு ஒரு கதவு, முதுமைக்கு ஒரு கதவு. இருநூறு ஆண்டுக்கு மேலாக யாரும் அதை விற்றுவிடவில்லை என்பதை ஓர் அதிசயமாகவே நான் நினைக்கிறேன்.

அண்மைக் காலத்திலும் இதே திசைதான். சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் 2010 மார்ச்சில் சட்டமன்றமும் தலைமைச் செயலகமுமாகத் திறந்த கட்டடம் 2014 பிப்ரவரியில் பல்நோக்கு உயர்சிகிச்சை மருத்துவமனையானது. அதன் அரசியலை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் மந்திரிகளுக்காகப் போட்ட அறைகளில் ஏழைக்கு இதய ஆபரேஷன் நடப்பது எனக்குத் தவறாகப் படவில்லை. ஆஸ்பத்திரியாக இல்லாமல் வேறு விதமாக மாறியதும் உண்டு. நம் புதுக்கோட்டையில் ராஜா வாழ்ந்த புது அரண்மனைதான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அடைக்கலம் கேட்டு வந்த பெண்பிள்ளைகளுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்ததிலிருந்துதான் அவ்வை இல்லம் பிறந்தது. கட்டடத்துக்கு ஜாதகம் ஒன்றுதான் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

அப்படியென்றால் மூடிய ஆஸ்பத்திரி வீடானால் எனக்கு ஆட்சேபமா? வீடாவதில் ஆட்சேபம் இல்லை. எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. அங்கே வந்துகொண்டிருந்த நோயாளி இப்போது எவ்வளவு தூரம் போகிறார்? அந்த வீட்டில் யார் குடியேறுகிறார்கள்? நியூயார்க் இரண்டிலும் தோற்றது. லாஸ் ஏஞ்சலஸ் இரண்டாவதில் தேறியது. லண்டன் முதலாவதில் தேறி, இரண்டாவதைப் பத்திரத்தில் கோட்டைவிட்டது.

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 2017 ஜூன் 9 அன்று புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி முள்ளூரில் திறக்கப்பட்டது. மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது நம் நெடுநாள் கனவு. நிறைவேறியதில் பெருமை. ஒரு காலத்தில் தலையில் அடிபட்டால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டியிருந்தது. இன்று அந்த அவஸ்தை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் முள்ளூர் தஞ்சாவூர் சாலையில், ஊருக்கு வெளியே இருக்கிறது. தலைமை ஆஸ்பத்திரியின் வேலை அங்கே போனபோது, ஊருக்குள்ளேயே இருந்த பழைய ஆஸ்பத்திரி தொடர வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். நம் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். முன்பு ஒரு பஸ்ஸில் முடிந்த பயணம், இப்போது இறங்கி இன்னொரு பஸ் பிடிக்கும் பயணம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்கப் போகிற பாட்டிக்கு அந்த இரண்டாவது பஸ்தான் மலை.

இதில் யாரையும் திட்டுவதற்கில்லை. மருத்துவக் கல்லூரி என்றால் ஒரே வளாகமாக 20, 25 ஏக்கர் வேண்டும் என்பது அன்றைய மருத்துவக் கவுன்சில் விதி. அவ்வளவு இடம் எந்த ஊரின் கடைவீதியிலும் கிடைக்காது. அதனால் 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தப் பிரச்சினை ஏதோ ஒரு வடிவில் இருக்கும். நாகப்பட்டினத்தில் கல்லூரி ஒரத்தூருக்குப் போனது. ஊருக்குள் உள்ள ஆஸ்பத்திரியைக் கைவிடக்கூடாது என்று அங்கேயும் குரல் எழுந்தது. கல்லூரி வெளியே போகட்டும். பழைய இடத்தில் புறநோயாளிப் பிரிவும் பிரசவமும் அவசர சிகிச்சையும் எஞ்ச வேண்டும். மிச்சமுள்ள வார்டுகள் காலியானால் மட்டுமே வீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

பேசினால் யாருக்கு வீடு? என்னிடம் பட்டியல் தயாராக இருக்கிறது. முதலில், நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். வராந்தாவிலும் மரத்தடியிலும் பாயை விரித்துப் படுத்து, தூக்குச் சட்டியில் சோறு வாங்கிவந்து, வாரக்கணக்கில் கிடக்கிற நம் ஜனங்கள். அடுத்து, வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து இரவுப் பணி பார்க்கும் நர்ஸ்கள். அதற்கப்புறம் நம் முதியவர்கள். வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று எந்த ஊருக்குள் நுழைந்தாலும் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ அரபு நாட்டிலோ இருக்க, பெரிய வீட்டில் ஒற்றையாய் இருக்கும் அப்பத்தாக்களைப் பார்க்கிறோம். வீடு இருக்கிறது, காசு வருகிறது, ராத்திரி நெஞ்சடைத்தால் கதவைத் தட்ட ஆள் இல்லை. சாய்தளமும் அகலக் கதவும் பக்கத்திலேயே டாக்டரும் உள்ள ஒரு பழைய வார்டு அவர்களுக்கு அரண்மனை. ஏலம் மட்டும் கூடாது. ஏலத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று நியூயார்க் காட்டிவிட்டது.

தனியார் கதை வேறு மாதிரி. நம் பக்கத்துச் சிறு நகரங்களில் ஒரு டாக்டரும் அவர் மனைவியும் சேர்ந்து நடத்திய பத்துப் படுக்கை நர்சிங் ஹோம்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. டாக்டருக்கு வயதாகிறது, பிள்ளைகள் வெளிநாட்டில், புதுப்புது விதிகளுக்கு ஏற்பக் கட்டடத்தை மாற்றப் பணம் போதாது. கீழே கடைகள், மேலே வாடகை வீடு என்று அது மாறிவிடும். அவர்கள் சொத்து, அவர்கள் விருப்பம். ஐந்து ரூபாய் ஃபீஸில் அரை ஊரைப் பிழைக்கவைத்த அந்த இடத்துக்கு ஒரு சின்னப் பலகையாவது வைக்கலாமே என்று மட்டும் தோன்றுகிறது.

அரசு ஆஸ்பத்திரிகளில் நாம் கவனிக்க வேண்டியது லண்டன் பாடம். நம் மாவட்டத்தில் எத்தனையோ மருந்தகங்களும் பிரசவ விடுதிகளும் துணைச் சுகாதார நிலையங்களும் யாரோ ஒரு மிராசுதாரோ, நகரத்தாரோ, வெளிநாட்டில் சம்பாதித்து வந்தவரோ கொடுத்த நிலத்தில் நிற்கின்றன. வாசலில் ஒரு சலவைக்கல்லில் பெயர் இருக்கும். ஆனால் கொடுத்தபோது என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? தானப் பத்திரம் எழுதினார்களா, வாய்மொழியா? ஆஸ்பத்திரி இல்லாமல் போனால் நிலம் யாருக்கு என்று எழுதியிருக்கிறதா? பட்டா யார் பெயரில் இருக்கிறது? ஆஸ்பத்திரி ஓடுகிறவரை இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. கதவு மூடிய மறுநாள் வாரிசுகள், ஒப்பந்தக்காரர்கள், மனை வியாபாரிகள் எல்லோரும் பத்திரத்தோடு வருவார்கள். அன்று நம் கையிலும் ஒரு நகல் இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். பொங்கல் இதழை நம் சுற்றுவட்டாரத்தின் பழைய ஆஸ்பத்திரிகளுக்காக ஒதுக்குகிறோம். ஆலங்குடி அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ்களும் ஆயாக்களும் கம்பவுண்டர்களும் தங்கள் நினைவுகளை எழுதுங்கள். எழுத வராதவர்கள் தகவல் சொல்லியனுப்பினால் நாங்கள் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். உங்கள் ஊர் மருந்தகத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் எது, எந்த ஆண்டு, பத்திரம் உண்டா என்று விசாரித்து அனுப்புங்கள். சர்வே எண் கிடைத்தால் இன்னும் நல்லது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்வார். நோயாளிகளின் பெயர், நோய் விவரம் எதுவும் வேண்டாம், அது அவர்களுடைய சொந்த விஷயம். கல்லைப் படம் எடுக்கும்போது எழுத்து தெரியவில்லை என்று மாவையும் சுண்ணாம்பையும் பூசித் தேய்க்காதீர்கள், கல் கெட்டுவிடும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து எடுங்கள், தேய்ந்த எழுத்தும் தெரியும். கார்த்திகை கடைசிக்குள் எங்களுக்குக் கிடைக்கும்படி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்
ஆலங்குடி